பள்ளிக்கூடமா, கிளப்பா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால், கால்பந்தாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு விவாதமும் கூடவே பிறந்துவிடுகிறது. பையனோ பெண்ணோ ஹைஸ்கூல் கோஷ்டியில் சேர்ந்து ஆடலாமா, அல்லது வருஷம் முழுவதும் பணம் கட்டி ஆடிவரும் கிளப்போடு நின்றுகொள்ள வேண்டுமா என்பதே அது. அங்கே குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. "விளையாட்டுத்தானே, இதற்கு இத்தனை ஆலோசனையா?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். உள்ளே இறங்கிப் பார்த்தபோது, பதினைந்து பிராயத்துப் பிள்ளையின் மாலை நேரம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய வழக்கே இதற்குள் இருப்பது தெரிந்தது.

கிளப் என்பது அங்கே லேசான காரியமன்று. நல்ல கிளப் ஒன்றில் ஒரு பிள்ளை ஆடுவதற்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். சனி, ஞாயிறுகளில் தகப்பனாரோ தாயாரோ நூறு, இருநூறு மைல் மோட்டார் ஓட்டிச் செல்ல வேண்டும். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், தேர்ந்தெடுத்த தோழர்கள், ஒழுங்கான பயிற்சி எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்தின் கதை வேறு. பெரும்பாலான மாகாணங்களில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில், டெக்ஸாஸ், பிளாரிடா போன்ற இடங்களில் குளிர்காலத்தில், சுமார் மூன்று மாதம் ஆட்டம் நடக்கும். பல இடங்களில் பயிற்சியாளர் அதே பள்ளியின் சரித்திர உபாத்தியாயராகவோ கணக்கு உபாத்தியாயராகவோ இருப்பார். வெளியே அழைக்கப்பட்ட ஆட்டக்காரர் மறுபடி உள்ளே வரலாம் என்பது போன்ற தனி விதிகளும் உண்டு. "இது கால்பந்தே அல்ல" என்று கிளப் பயிற்சியாளர்கள் முகம் சுளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் ஆணும் பெண்ணுமாக எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளிகளுக்காக ஆடுகிறார்கள்.

சச்சரவு முற்றியது 2012-ஆம் வருஷத்தில். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2007-இல், சிறந்த இளைஞர்களைத் தயாரிப்பதற்கென்று 'டெவலப்மெண்ட் அகாடமி' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. 2012-இல் அதன் ஆட்டக் காலத்தைப் பத்து மாதமாக நீட்டி, அதில் உள்ளவர்கள் பள்ளிக்காக ஆடலாகாது என்று விதித்தார்கள். ஐரோப்பாவில் பிள்ளைகள் ஒரே இடத்தில் பயில்கிறார்கள், நாமும் அப்படிச் செய்தால்தான் உலகக் கோப்பையில் தலைநிமிரலாம் என்பது அவர்கள் வாதம். 2017-இல் பெண்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. ஆனால், 2009 முதல் நடந்துவரும் இ.ஸி.என்.எல். என்ற பெண்கள் லீக் பள்ளி ஆட்டத்துக்கு இடம் விட்டிருந்தபடியால், சில பெரிய கிளப்புகள் அகாடமியை விட்டு அந்தப் பக்கமே திரும்பிவிட்டன. 2020 ஏப்ரலில், கொள்ளை நோய்க் காலத்துப் பண நெருக்கடியில் அகாடமி மூடப்பட்டது. ஆண்களுக்காக அதன் இடத்தில் வந்த எம்.எல்.எஸ். நெக்ஸ்டின் முதல்தரப் பிரிவிலும் பள்ளி ஆட்டத்துக்கு அநேகமாக இடமில்லை.

கிளப்பார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிப் பருவத்தில் வாரம் இரண்டு பந்தயங்கள், மற்ற நாட்களில் பயிற்சி. அதன்மேல் கிளப் பந்தயமும் சேர்ந்தால் வளரும் உடம்பு என்னாவது? முக்கியமாகப் பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிட அதிகம். அறுந்தால் பல மாதம் ஆட முடியாது. இதைக் கேட்ட பிறகும் பெற்றோர் தூங்குவது கடினம்தான்.

இன்னொரு வாதம் சர்வகலாசாலை உபகாரச் சம்பளம். கலாசாலைப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களைத் தேடிப் பெரும்பாலும் கிளப் போட்டிகளுக்கே போகிறார்கள் என்பது மெய். ஆனால் கிடைக்கும் பரிசு எவ்வளவு? 2025-இல் விதி மாறும் வரையில், முதல் பிரிவுக் கலாசாலை ஒன்று தன் ஆண்கள் கோஷ்டி முழுவதற்கும் கொடுக்கக்கூடியது 9.9 சம்பளங்கள். பெண்களுக்குப் பதினான்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கு குறைந்த பையன் யார் என்று யோசித்து நாம் சற்றுச் சிரித்தோம். உண்மையில் அந்த 9.9-ஐத் துண்டு துண்டாக்கி இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பங்கிட்டார்கள். பல வருஷம் கிளப்புக்குக் கட்டிய பணத்தையும் கைக்கு வந்த துண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்த தகப்பனார்கள் அங்கே அநேகர் இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆடினால் திறமை மழுங்கிவிடும் என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. மியா ஹாம் 1987-இல், பதினைந்தாம் வயதில், தேசியக் கோஷ்டியில் இடம் பெற்றார். அதற்குப் பிறகும் பள்ளிக்காக ஆடினார். 1989-இல் வர்ஜீனியாவில் லேக் பிராடக் பள்ளி மாகாணப் பட்டம் வென்ற கோஷ்டியில் அவர் இருந்தார். கிளின்ட் டெம்ப்ஸி, டெக்ஸாஸில் நாகடோசெஸ் என்ற சிற்றூர்க்காரர். கிளப் ஆட்டத்துக்காக டல்லாஸ் நகருக்குப் போக ஒரு வழிக்கு மூன்று மணி நேரப் பிரயாணம். வீட்டில் பணம் போதாமல் அதுவும் ஒரு சமயம் நின்றது. மற்றப் பெற்றோர் கைகொடுத்ததால் தொடர்ந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கும் அவர் ஆடினார். பிற்காலத்தில் தேசத்துக்காக 57 கோல்கள் போட்டார்.

டெம்ப்ஸியின் கதைதான் நம் மனத்தை அதிகம் உறுத்துகிறது. கிளப் மைதானத்தில் பணம் கட்டியவன் மகனே பெரும்பாலும் நிற்கிறான். பள்ளி மைதானத்தில், ஓட்டலில் பாத்திரம் கழுவும் மெக்ஸிகோக்காரரின் மகனும் வைத்தியரின் மகளும் ஒரே வர்ணச் சட்டை போடலாம். கணக்கு வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையன் வெள்ளிக்கிழமை மாலை வேலியோரம் நின்று பெயர் சொல்லிக் கூவுவான். சனிக்கிழமை இருநூறு மைலுக்கு அப்பால் நடக்கும் கிளப் பந்தயத்தில் அப்படிக் கூவ யார் இருக்கிறார்கள்? கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் எல்லோரையும் கிளப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டால், மிஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளை யாரோடு ஆடிக் கற்றுக்கொள்வது?

ஆகவே நம் தீர்ப்பு பள்ளியின் பக்கமே. கிறிஸ்டியன் புலிசிக் போலப் பதினாறு வயதில் ஜெர்மனிக்கு அழைக்கப்படும் அபூர்வப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழாது. அவன் போகட்டும். மற்றவர்கள் மூன்று மாதம் பள்ளிக்காக ஆடட்டும். ஆனால் அந்த மூன்று மாதமும் கிளப் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு எஜமானர்களும் ஒரே வாரத்தில் இழுத்தால் அறுவது குழந்தையின் முழங்கால். கிளப்புக்குப் பணம் கட்டுமுன், "பள்ளிப் பருவத்தில் எங்கள் குழந்தைக்கு விடுமுறை உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்து மூலம் வாங்கிக்கொள்வது பெற்றோருக்கு நல்லது. உண்டு என்று எழுதித் தரும் கிளப்புகளும் அந்நாட்டில் நிறைய இருக்கின்றன.