நாமா, நாங்களா? திணறும் கணினி!



'கைப்பேசியிடம் சொன்னால், நொடியில் எந்த மொழிக்கும் மாற்றித் தந்து விடுகிறதே! பிறகு எதற்கு வேற்று மொழி படிக்க வேண்டும்?' என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி! விடை தேடுவோமா?

மொழிபெயர்க்கக் கணினியைப் பழக்கும் முயற்சி இன்று நேற்று தொடங்கியதல்ல. 1954 ஜனவரி 7ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனமும், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு சோதனையைச் செய்து காட்டின. 60க்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினி ஆங்கிலத்தில் தந்தது. அதற்குத் தெரிந்தவை 250 சொற்களும், 6 இலக்கண விதிகளும்தான்! 'இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கல் தீர்ந்துவிடும்' என்று நம்பினார்கள். ஆனால், அது அவ்வளவு எளிதாக இல்லை.

இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு விதம். விதிகளை யாரும் அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவதில்லை. மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போடுகிறது. முக்கியமான மொழிகளில் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஆனால், வாக்கியத்தில் இல்லாத செய்தியை அது ஊகிக்கத்தான் முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 'நாளை நாம் மிருகக்காட்சிசாலைக்குப் போகிறோம்' என்று நண்பன் சொன்னால், நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள். 'நாங்கள் போகிறோம்' என்றால்? உங்களுக்கு இடமில்லை! ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழாக்கச் சொன்னால், நாமா, நாங்களா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அது சரியா என்று சொல்ல, இரு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டுமே!

மலாய் மொழியில் நம்மைப் போலவே இரண்டு சொற்கள் உண்டு. நாம் என்பதற்கு 'கித்தா', நாங்கள் என்பதற்கு 'காமி'. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் யோசித்துப் படிக்க வேண்டிய பாடம் இது. தமிழ்ப் பிள்ளைக்கோ உடனே புரிந்துவிடும். தாய்மொழியை நன்றாக அறிந்தவருக்கு அடுத்த மொழி இப்படித்தான் எளிதாகிறது.

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும்! அதை இப்படிப் பயன்படுத்துங்கள்:

* முதலில் நீங்களே எழுதுங்கள். பிறகு கருவியிடம் காட்டி, பிழை இருந்தால் காரணம் கேளுங்கள். அது சொன்னதை அகராதியிலோ, ஆசிரியரிடமோ சரிபாருங்கள்.

* 'பிரெஞ்சுக் கடைக்காரராக என்னுடன் பேசு' என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சி கிடைக்கும். தவறாகப் பேசினாலும் சிரிக்க யாரும் இல்லை!

* வீட்டுப்பாடம் முழுவதையும் அதனிடம் எழுதி வாங்காதீர்கள். சைக்கிளை அடுத்தவர் ஓட்டினால், நமக்கு ஓட்ட வருமா?

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மொழி. அது உங்கள் காதிலும் நாவிலும் பதிய வேண்டும். வெளிநாட்டுத் தோழி ஒருத்தி வேடிக்கையாகப் பேசும்போது, கருவி சொல்லும் வரை காத்திருக்காமல், அவளோடு சேர்ந்து சிரிக்க வேண்டாமா?

இந்த வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். 'வீ' என்று தொடங்கும் ஐந்து ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்கச் சொல்லுங்கள். எங்கே 'நாம்' வருகிறது, எங்கே 'நாங்கள்' வருகிறது என்று பாருங்கள். சரியா, தவறா என்று மதிப்பெண் போடுங்கள்.

இப்போது ஆசிரியர் நீங்கள்தான்!