பெரம்பலூரில் ஆபீஸ்... இன்டர்நெட்டில் வெளிநாடு! ஐ.பி. முகவரி குழப்பத்தைச் சரிசெய்வது எப்படி?

மாதம் 20-ம் தேதி. பெரம்பலூர் பாலக்கரை பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள வியாபாரி ஒருவரின் ஜி.எஸ்.டி கணக்கை அன்றைக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். போன வாரம்தான் வேகமான புது லைன் போட்டிருக்கிறார்கள். வரியைக் கட்ட வங்கியின் தளத்தைத் திறந்தால், 'உங்கள் நாட்டிலிருந்து இந்தச் சேவையைப் பயன்படுத்த முடியாது' என்கிறது திரை. வெளியே துறையூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. எந்த நாடு?

அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுத் தருகிறார். அதே கம்ப்யூட்டர், அதே தளம், உடனே திறக்கிறது. கோளாறு கம்ப்யூட்டரிலும் இல்லை, வங்கியிலும் இல்லை. புது லைனோடு வந்த ஐ.பி. முகவரி என்ற எண், உலகத்தில் எங்கோ ஒரு பேரேட்டில் தவறான ஊரில் பதிவாகியிருக்கிறது.

ஐ.பி. முகவரி என்பது இன்டர்நெட்டில் நம் இணைப்புக்குத் தரப்படும் எண். அந்த எண்ணுக்குள் ஊர்ப் பெயர் எதுவும் கிடையாது. லேண்ட்லைன் போனில் பெரம்பலூருக்கு 04328, அரியலூருக்கு 04329 என்று எஸ்.டி.டி கோடு இருப்பதைப்போல இதில் இல்லை. எந்த எண் எந்த ஊர் என்பதைச் சில தனியார் நிறுவனங்கள் தாங்களாகவே கணித்து, பட்டியல் போட்டு விற்கின்றன. அமெரிக்காவின் மேக்ஸ்மைண்ட், ஐபிஇன்ஃபோ, மலேசியாவின் ஐபி2லொகேஷன் எல்லாம் இந்த வியாபாரத்தில் இருப்பவை. வங்கியும், விளம்பரக் கம்பெனியும், சினிமா காட்டும் ஓ.டி.டி தளமும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் 'இவர் இந்த ஊர்க்காரர்' என்று முடிவு செய்கின்றன.

எப்படிக் கணிக்கிறார்கள்? எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். இந்தியாவில் நிக்ஸியின் கீழ் இயங்கும் ஐரின் என்ற அமைப்பு 2012 முதல் இந்த எண்களை ஒதுக்குகிறது. அதற்கும் மேலே, ஆசிய பசிபிக் பகுதி முழுவதற்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். அங்கே பதிவில் இருப்பது பெரும்பாலும் தலைமை அலுவலக முகவரி. ஆகவே, சென்னை கம்பெனியின் பெரம்பலூர் கிளைக்கும் சென்னை என்றே எழுதிவிட வாய்ப்பு உண்டு. அடுத்து, தகவல் போய்வர ஆகும் நேரத்தை அளப்பார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய வித்தியாசத்தை, வழியில் இருக்கும் ஒரு ரவுட்டரின் தாமதமே விழுங்கிவிடும்.

சரி, வெளிநாடு எங்கிருந்து வந்தது? பழைய வகை ஐ.பி. எண்கள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு, ஒருவர் பயன்படுத்திய எண்களை இன்னொருவர் விலைக்கோ வாடகைக்கோ வாங்குவது சகஜமாகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கிவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் ஓட்டுவதுபோலத்தான். எண் நம் ஊருக்கு வந்துவிடும். பட்டியலில் பழைய நாடு அப்படியே நிற்கும்.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடியும் சேர்ந்து, 2007 நவம்பர் 23-ல் மீண்டும் பிரிந்தது. ஒரே வீட்டில் உட்கார்ந்தபடி மாவட்டம் மாறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அங்கே திருத்துவதற்கு ஒரு தாலுகா ஆபீஸாவது உண்டு. ஐ.பி. விஷயத்தில் அப்படி ஒரு ஆபீஸே கிடையாது.

தவறான ஊர் காட்டினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பண்ணை வீட்டின் கதையைக் கேளுங்கள். 'அமெரிக்கா' என்று மட்டும் தெரிந்து, எந்த ஊர் என்று தெரியாத எண்களுக்கு, நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குத்திவைத்தது மேக்ஸ்மைண்ட். கணக்குக்கு வசதியாக 38 டிகிரி, 97 டிகிரி என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். அந்தப் புள்ளி போய் விழுந்தது, மூதாட்டி ஒருவருக்குச் சொந்தமான அந்தப் பண்ணை வீட்டில். 60 கோடிக்கும் அதிகமான ஐ.பி. எண்களுக்கு அந்த வீடே முகவரி ஆனது.

அமெரிக்காவின் எந்த மூலையில் யார் மோசடி செய்தாலும், போலீஸ் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. ஆத்திரக்காரர் யாரோ உடைந்த டாய்லெட் பேசின் ஒன்றை வாசலில் போட்டுவிட்டுப் போனார். வாடகைக்கு இருந்தவர்களுக்கும் இதே பாடு. ஏன் என்று பல ஆண்டுகள் யாருக்குமே புரியவில்லை. 2016-ல் ஒரு பத்திரிகையாளர் தோண்டியெடுத்த பிறகுதான் காரணம் வெளியே வந்தது. வழக்கும் நடந்தது. இப்போது அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். மீனைத் தவிர யாரையும் விசாரிக்க முடியாது.

நம் நாட்டிலும் ஒரு கசப்பான சம்பவம் உண்டு. 2007 ஆகஸ்டில், ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தியதாகப் பெங்களூரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஒருவரை புனே போலீஸ் கைது செய்தது. அந்த ஐ.பி. எண்ணைப் பயன்படுத்தியவர் என்று தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த விவரம் தவறு. அவர் அந்தப் படத்தைப் போடவே இல்லை. 50 நாள் சிறையில் இருந்த பிறகே வெளியே வந்தார். இது ஊர்ப் பட்டியலின் பிழை அல்ல, வாடிக்கையாளர் பதிவேட்டின் பிழை. ஆனாலும், ஓர் எண்ணுக்கு எதிரே தவறான பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

திருத்துவது எப்படி?

கம்பெனியில் நெட்வொர்க் பார்ப்பவர் முதலில் வெளியுலகுக்குத் தெரியும் எண் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று கூகுளில் தேடினாலே வரும். கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் 192.168 என்றோ 10 என்றோ ஆரம்பிக்கும் எண் தெரிந்தால், அது ஆபீஸுக்குள் மட்டும் புழங்கும் எண். அதைத் திருத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. வெளி எண்ணை நான்கைந்து பட்டியல்களில் தேடிப் பாருங்கள். ஒன்று பெரம்பலூர் என்கும், இன்னொன்று திருச்சி என்கும், மூன்றாவது வேறு நாடு என்கும். எது தவறோ அங்கேதான் வேலை.

எண் யாருடையது என்பது அடுத்த கேள்வி. லீஸ்டு லைனோடு இன்டர்நெட் கம்பெனி கொடுத்த எண் என்றால், பதிவைத் திருத்தும் உரிமை அவர்களுக்கே. ஊர், எண், எப்போதிலிருந்து பயன்பாடு என்று எழுதி அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். எண் கம்பெனியின் சொந்தப் பெயரில் இருந்தால், ஐரின் பதிவில் நாடும் முகவரியும் சரியா என்று பார்க்க வேண்டும்.

சொந்த எண் வைத்திருப்பவர்களுக்கு ஜியோஃபீட் என்று ஒரு நல்ல வழி இருக்கிறது. 2020-ல் ஆர்.எஃப்.சி. 8805 என்ற பெயரில் இதன் விதிமுறை வெளியானது. பெயர்தான் பயமுறுத்தும்; விஷயம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரியில் எண் தொகுப்பு, நாடு, மாநிலம், ஊர் என்று கமா போட்டு எழுதி, கம்பெனியின் இணையதளத்தில் வைத்துவிட்டு, அந்த இணைப்பைப் பதிவேட்டில் குறிப்பிட வேண்டும். பட்டியல் நிறுவனங்கள் வந்து படித்துக்கொள்ளும். அஞ்சல் குறியீட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாகவே விடச் சொல்கிறது விதிமுறை. அது நல்ல யோசனை. ஊர்வரை சொன்னால் போதும், தெருவரை போகத் தேவையில்லை. கன்சாஸ் பண்ணை நினைவிருக்கிறதல்லவா?

இதோடு மேக்ஸ்மைண்ட், ஐபிஇன்ஃபோ போன்றவற்றின் தளங்களில் இலவசத் திருத்தப் படிவங்களும் உண்டு. கூகுளுக்குத் தனிப் படிவம். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. பட்டியல் புதுப்பிக்கப்பட்டாலும், அதன் பழைய பிரதியை வைத்திருக்கும் தளங்களில் சில வாரங்கள் பழைய ஊர்தான் வரும். எனவே, புது லைன் போட்டவுடனேயே இதைச் செய்துவிட வேண்டும். 20-ம் தேதி சாயங்காலம் ஆரம்பித்தால் ஹாட்ஸ்பாட்தான் கதி.

திருத்தக் கூடாத இடமும் ஒன்று உண்டு. அரியலூரைச் சுற்றி இருக்கும் சிமென்ட் ஆலைகளைப்போல, ஆலை ஓரிடம், தலைமை அலுவலகம் வேறிடம் என்று இருக்கும் கம்பெனிகள் நிறைய. அவற்றில் ஒன்று, பாதுகாப்புக்காக எல்லாக் கிளைகளின் இன்டர்நெட்டையும் மும்பை அலுவலகம் வழியாக அனுப்புகிறது என்றால், கிளைக்காரர் கம்ப்யூட்டரில் மும்பை என்று வருவதுதான் சரி. அதை 'அரியலூர்' என்று மாற்றச் சொன்னால், மும்பையில் இருப்பவர்கள் எல்லோரும் அரியலூர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

வீட்டில் செல்போன் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை எதுவும் இல்லை. பல ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் எண் அது. நீங்கள் குன்னத்தில் இருந்தாலும் சென்னை என்று காட்டலாம். 'சென்னையிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள்' என்று மெயில் வந்தால், ஊரை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். எந்த நேரம், எந்த போன் என்று பாருங்கள். அந்த நேரத்தில் நுழைந்தது நீங்கள் இல்லை என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். ஏமாற்றியவரின் ஐ.பி. எண்ணை ஏதோ ஒரு தளத்தில் போட்டு, மேப் காட்டும் வீட்டுக்குச் சண்டை போட மட்டும் போய்விடாதீர்கள். அங்கே இருப்பவருக்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

கம்பெனிக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த வருஷம் லைனை மாற்றினாலோ, ஆபீஸைத் திருச்சிக்குக் கொண்டுபோனாலோ, அந்த டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும் பழைய வரியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை அடுத்து வாங்குபவர் எந்த ஊரில் கடை போட்டிருக்கிறாரோ!