தொழிற்பயிற்சியில் முதியோர் எழுத்தறிவும் எண்ணறிவும்

தொழில் பயில வரும் முதியோருள் எழுத்தறியாதார் பலர் எண்ணறியாதார் அல்லர். இவ்வேறுபாட்டை உணராத தேர்வு அவர்தம் அறிவைக் குறைத்தே காட்டும். தாழ்வாக மதிக்கப்பெற்றவர் வகுப்பை விட்டு நீங்குதலும் கூடும்.

இந்தியாவில் 1988-இல் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம், நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படித்தல், 1 முதல் 100 வரை எண்களைப் படித்து எழுதுதல் முதலிய அளவைகளை வகுத்தது. பாடநூல்களின் உள்ளேயே தேர்வுகளும் அமைந்தன. பயில்வோர் தம் வளர்ச்சியைத் தாமே காண இவை துணைசெய்தன. எனினும், தொழிற்பயிற்சிக்குப் பொது அளவை மட்டும் போதாது.

கொத்தனார் ஒருவரைக் கருதுவோம். சிமெண்டு ஒரு பங்கு, மணல் 6 பங்கு என்னும் கலவையில், 4 சட்டி சிமெண்டிற்கு மணல் எவ்வளவு என வினவின், 24 சட்டி என அவர் உடனே விடை கூறுவர். அதனையே 4 × 6 எனத் தாளில் எழுதிக் காட்டின் வாளா இருத்தல் கூடும். ஈண்டுக் குறை கணக்கறிவில் இல்லை. குறியீட்டுப் பயிற்சியில் உளது.

ஆதலின், ஒரே கணக்கை வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வினவி, இரண்டினையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். பழகிய பாடத்தை ஒப்புவித்தல் படித்தல் ஆகாது. ஆதலின் சிமெண்டு மூட்டையின் குறிப்பு, கூலிச்சீட்டு போன்ற புதியவற்றைப் படிக்கச் செய்தல் வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் எடுத்த குறிப்போடு இடையிலும் இறுதியிலும் எடுத்தவற்றை ஒப்பிடின் வளர்ச்சி புலனாகும். தம் கூலிச்சீட்டின் நாட்கணக்கையும் தொகையையும் தாமே சரிபார்த்துக் கையெழுத்திடும் ஆற்றலே இக்கல்வியின் பயன் எனலாம்.