லேப்ரடாரின் பசி

நாய் வளர்க்கலாம் என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் அடிபடும் பெயர் பெரும்பாலும் லேப்ரடார்தான். அடுத்து வருவது இடத்தைப் பற்றிய கேள்வி: அபார்ட்மென்ட்டில் சமாளிக்க முடியுமா? என்னைக் கேட்டால், இடத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த வீட்டில் நாய்க்குச் சாப்பாடு போடப்போவது எத்தனை பேர்?

காரணம் அதன் மரபணுவில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினோர் ராஃபன் குழுவினர் 2016-இல் லேப்ரடார்களை ஆராய்ந்தார்கள். 'போதும்' என்ற உணர்வை மூளையில் உண்டாக்கப் பங்களிக்கும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில், ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்குச் சிறு துண்டு விடுபட்டிருந்தது. அந்த நாய்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் பசி கூடுதல். சும்மா படுத்திருக்கும்போது அவற்றின் உடல் செலவிடும் ஆற்றலோ சுமார் 25 சதவீதம் குறைவு என்று அதே குழுவின் 2024 ஆய்வு காட்டியது. பசி அதிகம், செலவு குறைவு. எடை ஏறாமல் என்ன செய்யும்?

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்பட்ட லேப்ரடார்களைச் சோதித்தபோது, நான்கில் மூன்றுக்கு இதே மரபணு மாற்றம் இருந்தது. ஒரு துண்டு பிஸ்கட்டுக்காக எதையும் கற்றுக்கொள்ளத் துடிக்கும் நாயைப் பழக்குவது எளிது அல்லவா? நாம் 'சொன்ன பேச்சு கேட்கும்' என்று மெச்சும் குணத்துக்குப் பின்னால் இந்தப் பசிக்கும் பங்கு இருக்கலாம்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். காலையில் தாத்தா காபியோடு இரண்டு பிஸ்கட் போடுவார். மதியம் பாட்டி தயிர்சாதம் பிசைந்து வைப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளை டிபன் பாக்ஸில் மிஞ்சியதைக் கொட்டும். அம்மா இரவில் அளந்து வைக்கும் சாப்பாடு மட்டுமே கணக்கில் வரும். எல்லாமே பாசம்தான். ஆனால் வெங்காயம் போட்ட சாம்பார் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சு. இவை எதுவும் இல்லாத வெறும் சோறுகூட அளவு மீறினால் ஆயுளைத் தின்றுவிடும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகவே வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். வழுக்கும் டைல்ஸ் தரையில் கனத்த உடம்போடு சறுக்கிச் சறுக்கி எழுவது அந்த மூட்டுக்குப் பெரிய சுமை. ஆகவே குட்டி வாங்கும்போது கண்ணழகைப் பார்ப்பதைவிட, தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் தாய் நாயை நேரில் பாருங்கள். குணத்தை இனப்பெயரை மட்டும் நம்பிக் கணிக்க முடியாது: 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வில், நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சராசரியாக 9 சதவீதம்தான்.

வெயிலையும் மறக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் நீந்த ஏற்ற இரட்டை அடுக்கு ரோமம் லேப்ரடாருக்கு. நம் ஊர்க் கோடையில் நடைப்பயிற்சி விடியற்காலையிலும், இருட்டிய பின் தரை சூடு ஆறியதும்தான். அந்த இரு வேளையும் ஆள் இல்லாத, பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு லேப்ரடார் வேண்டாம். ஆள் இருக்கும் வீடானால், குட்டி வருவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து, சாப்பாடு அளந்து போடும் ஒருவர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள். பாட்டியின் பங்கையும் அந்த அளவிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.