காவல்துறை அரும்பொருளகமும் பாட்டியின் தூக்குச்சட்டியும்

கோலாலம்பூர் பெர்டானா சாலையில் உள்ள அரச மலேசியக் காவல்படை அரும்பொருளகத்திற்குக் கடந்த விடுமுறையில் பாட்டியுடன் சென்றேன். வாசலில் கவச வாகனங்கள். உள்ளே பழைய சீருடைகள், துப்பாக்கிகள், இரகசியக் கும்பல்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட ஆயுதங்கள்.

நம் காவல்துறையின் வரலாறு பினாங்கில் தொடங்குகிறது. 1807 மார்ச் 25இல் அங்கு நீதிச் சாசனம் வழங்கப்பட்டது. அந்நாளே காவல்துறை தினம். 1873இல் லாருட் ஈயச் சுரங்கக் கலவரத்தை அடக்க, கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து சீக்கியரையும் பட்டாணியரையும் திரட்டி வந்தார். 'அரச' என்னும் அடைமொழி 1958இல் கிடைத்தது.

பாட்டி நின்றுவிட்ட இடம் அவசரகாலப் பகுதி. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1950 பிப்ரவரி 23இல் புக்கிட் கெப்போங் காவல் நிலையம் தாக்கப்பட்டு, காவலர்களும் அவர்தம் குடும்பத்தினரும் உயிரிழந்தனர். அத்தியாகம் மறக்கத்தக்கதன்று.

அதே 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பதே அதன் நோக்கம். காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது.

பாட்டிக்கு அப்போது பத்து வயது. விடியற்காலை, தாயாருக்கு உதவியாக வெட்டுக்குப் போவாராம். வேலி வாசலில் காவலர்கள் உடலைத் தடவிச் சோதிப்பார்கள். தூக்குச்சட்டியில் ஒரு பருக்கை சோறு இருந்தாலும் வெளியே கொண்டுபோக முடியாது. பால் எடுத்து, எடை போட்டு வீடு திரும்பும்வரை வெறும் வயிறுதான்.

கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி பாட்டி சொன்னார்: "இவ்ளோ துப்பாக்கிய வச்சிருக்காங்க கண்ணு, எங்க சட்டி ஒண்ணக்கூடக் காணோமே?"

என்னிடம் பதில் இல்லை. காவல்துறையின் அரும்பொருளகம் காவல்துறையின் கதையைச் சொல்கிறது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. வேலிக்கு உள்ளே இருந்தவர்களின் கதையை அவர்களே எழுதிவைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அது நம் பணியல்லவா?

நாம் சட்டைப்பையில் வைத்துள்ள அடையாள அட்டைகூட அவசரகாலம் தந்ததே. 1948இல்தான் மலாயாவில் மக்கள் பதிவு தொடங்கியது. முதல் அட்டை வாங்கிய நாளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா?

அன்று பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு இன்று எண்பதைக் கடந்த வயது. நண்பர்களே, அடுத்த விடுமுறை வரை காத்திராதீர்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு இன்றே அவர்கள் அருகில் போய் உட்காருங்கள்.