இறால் உரிக்கும் கைக்குச் சத்துமாவு சேருமா?

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்களில் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இருந்தார்கள். இறாலை உரித்து, தரம் பிரித்து, கப்பலேற்றத் தயார் செய்யும் பெண்கள் அன்றுதான் செய்தியானார்கள்.

இவர்களில் ஒருத்தி கருவுற்றால் யார் கணக்கில் வருவாள்?

உள்ளூர்ப் பெண்ணைத் தேடி கிராம சுகாதாரச் செவிலியர் வருவார். கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி எண் கிடைக்கும். தகுதி இருந்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. ஆலை விடுதியில் இருப்பவளுக்கோ மொழி தெரியாது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ஆனாலும் 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த ஊர் எதுவென்று கேட்பதில்லை. கர்ப்பிணிக்கும், பிரசவித்து 6 மாதம் வரை தாய்க்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவு தரச் சொல்கிறது; 2013-இல் அது வகுத்த அளவு நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். அது சலுகையல்ல, உரிமை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. அதை டீயோடு விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது என்பதை விடுதியில் இருப்பவளுக்கு அவள் மொழியில் யாராவது சொல்ல வேண்டாமா?

தூத்துக்குடி உப்பளங்களில் உழைக்கும் பெண்களுக்கு வேறு கொடுமை. வெயில், கண் கூசும் வெண்மை, தலைச்சுமை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள், சிறுநீர்த்தொற்று வரும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 2017 முதல் 2022 வரை 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு எனத் தெரிந்தது. இன்னொன்று: பாத்தியில் அள்ளிய கல்லுப்பில் அயோடின் சேர்ந்திருக்காது. அதையே சமையலுக்கு எடுத்துப்போனால், சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான சத்து, ஊருக்கே உப்பு தருபவளுக்குக் கிடைக்காமல் போகும்.

சாளையும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் மலிவாகக் கிடைக்கும் ஊர் தூத்துக்குடி. விடுதிச் சமையலில் அவற்றைச் சேர்ப்பது ஆலைக்குப் பெரிய செலவாகாது. மாதம் ஒருமுறை செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் விடுதிக்குள் அனுமதிக்க மாவட்ட நிர்வாகம் கட்டாயப்படுத்த வேண்டும். உங்கள் தெருவில் வெளிமாநிலக் கர்ப்பிணி யாராவது இருந்தால், அங்கன்வாடி வரை கூட்டிப்போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.