‘ஒரு மாதிரி இருக்கு’ என்னும் பிள்ளைகள்

சென்ற ஆண்டு எங்கள் வார்டில் 15 வயது மாணவன் ஒருவன் அனுமதிக்கப்பட்டிருந்தான். முதல் வகை நீரிழிவு நோய் உள்ளவன்; 8 வயதிலிருந்து நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டு வருபவன். பல ஆண்டுகள் கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஓராண்டாக ஏறிக்கொண்டே வந்து, இரத்தத்தில் அமிலம் கூடி, மூச்சு வாங்கிய நிலையில் நள்ளிரவில் அழைத்து வரப்பட்டான். இன்சுலின் தவறினால் இந்நிலை உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இரண்டு நாட்களில் தேறிவிட்டான். மூன்றாம் நாள் காலை, மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்வையிடும் நேரம். மூத்த மருத்துவர், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர், உணவியல் நிபுணர், அவனுடைய தாயார், அடுத்த கட்டிலின் உறவினர்கள் என ஏறத்தாழப் பத்துப் பேர் அவனைச் சூழ்ந்து நின்றோம். “ஊசி ஒழுங்காப் போடுறியா தம்பி?” என்று கேட்டோம். “போடுறேன் சார்” என்றான். “நல்லாக் கேளுங்க டாக்டர், வீட்ல ஒரு வார்த்தை கேட்டா எரிஞ்சு விழறான்” என்றார் தாயார். மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒரு மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னான். ‘ஒத்துழைப்புப் போதாது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தோம்.

அந்தக் குறிப்பு தவறானது. அது ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, இங்கிருந்து வெகு தொலைவில் உள்ள ஓர் ஆய்வகத்தின் பணி எங்களுக்கு உதவியது. இத்தகைய பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் உங்களுக்கும் அது பயன்படும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உள்ளது. அதன் உளவியல் துறையில் பேராசிரியர் லியா சாமர்வில் நடத்தி வரும் ஆய்வகம், சிறுவர் பருவத்திலிருந்து இளமைக்குள் நுழையும்போது மனித உணர்ச்சிகளும் மூளையும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்கிறது. ஆய்வகம் என்றவுடன் குடுவைகளும் நுண்ணோக்கிகளும் நினைவுக்கு வரலாம். உளவியல் ஆய்வகத்தில் இருப்பவை பெரும்பாலும் கணினிகள், வினாத்தாள்கள், நம் மருத்துவமனையில் உள்ளதைப் போன்ற எம்ஆர்ஐ கருவி, இவற்றோடு மனிதர்கள். பேராசிரியர், முனைவர் பட்டம் முடித்து மேலாய்வு செய்வோர், முனைவர் பட்ட மாணவர்கள், அண்மையில் இளங்கலை முடித்த ஆய்வு உதவியாளர்கள், படித்துக்கொண்டே பணியாற்றும் மாணவர்கள் ஆகியோர் சேர்ந்த சிறு குழுதான் இத்தகைய ஆய்வகம். கட்டுரைகளில் பேராசிரியரின் பெயர் முன்நின்றாலும், பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து விளக்குவதும், பள்ளி விடும் நேரத்துக்கு ஏற்ப நாள் குறிப்பதும், எம்ஆர்ஐ சத்தத்துக்கு அஞ்சும் சிறுவனைப் பொறுமையாகப் பழக்குவதும் பெரும்பாலும் அந்த இளையவர்களே.

ஆய்வு தொடங்குமுன் பெற்றோரின் ஒப்புதலை மட்டும் பெற்றால் போதாது. பிள்ளையிடமும் தனியே சம்மதம் கேட்க வேண்டும். இந்தியாவிலும் மருத்துவ ஆய்வு நெறிமுறைகள் இவ்வாறே கூறுகின்றன: 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்துவழிச் சம்மதமும் பெற வேண்டும். ஆய்வுக்கு வரும் பிள்ளையிடம் காட்டும் இந்த மரியாதையைச் சிகிச்சைக்கு வரும் பிள்ளையிடம் நாம் எப்போதும் காட்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த எரிக் நுக் முதலாசிரியராகவும், சாமர்வில் உள்ளிட்டோர் உடனாசிரியர்களாகவும் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2018-இல் வெளியாயிற்று. 5 முதல் 25 வயது வரையிலான 143 பேர் அந்த ஆய்வில் கலந்துகொண்டனர். மனத்துக்கு உவப்பற்ற காட்சிகள் கொண்ட படங்கள் ஒவ்வொன்றாக அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒவ்வொரு படத்துக்கும், கோபம், அருவருப்பு, துயரம், அச்சம், மனக்கலக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு தோன்றியது என்று அவர்கள் குறித்தனர்.

ஆய்வாளர்கள் தேடியது எந்த உணர்ச்சி அதிகம் என்பதையன்று. ஒருவர் தம் உணர்ச்சிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து அறிகிறாரா என்பதையே. ஒரு படத்துக்குத் துயரம் மிகுதி, கோபம் சிறிது. மற்றொன்றுக்கு அச்சம் மட்டும் என்று குறிப்பவர் பிரித்து அறிகிறார். எந்தப் படமானாலும் ஐந்தும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், அவருக்கு அவை ஒரே குழம்பலாகத் தெரிகின்றன.

வயது ஏற ஏற இத்திறன் படிப்படியாக வளரும் என்றே எவரும் எண்ணுவர். முடிவு அவ்வாறு அமையவில்லை. சிறு குழந்தைகளிடம் பிரித்தறிதல் கூடுதலாக இருந்தது. பதின்பருவத்தில் அது தாழ்ந்தது. இருபதுகளை நெருங்கும்போது மீண்டும் உயர்ந்தது. காரணம் சுவையானது. சிறு குழந்தைகள் ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சியையே பெரும்பாலும் சொன்னார்கள். ஊசியைக் கண்ட 6 வயதுக் குழந்தை ‘பயமா இருக்கு’ என்கிறது, கதை முடிந்தது. பதின்பருவத்தில் பல உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் எழத் தொடங்குகின்றன. அவற்றைத் தனித்தனியே அடையாளம் காணும் பயிற்சி இன்னும் வாய்க்கவில்லை. முன்பு தெளிவாகப் பேசிய பிள்ளை இப்போது வாயடைத்துப் போவதைப் பின்னடைவு என்று கருதுகிறோம். உள்ளே வரும் கூட்டம் பெரிதாகிவிட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொற்றொடர் இருக்கிறதே என்று எங்களுக்குத் தோன்றியது. ‘ஒரு மாதிரி இருக்கு.’ அதை மழுப்பல் என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். எங்கள் நோயாளி அன்று சொன்னது மழுப்பலன்று. அவனால் இயன்ற மிகச் சரியான விடை அதுவே.

சாமர்வில் ஹார்வர்டுக்கு வருமுன், நியூயார்க்கில் பி. ஜே. கேசி என்ற பேராசிரியருடனும் பிறருடனும் சேர்ந்து செய்த மற்றோர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அது எங்கள் காலை நேரப் பார்வையிடலையே எண்ணி வடிவமைத்தது போல் இருக்கும். 8 முதல் 23 வயது வரையிலான 69 பேர் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தனர். கருவிக்குள் ஒரு கேமரா இருப்பதாகவும், அது இயங்கும்போது ஏறக்குறைய அதே வயதுள்ள ஒருவர் அவர்களுடைய முகத்தை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் கூறப்பட்டது. கேமரா நிறுத்தப்பட்டுள்ளது, தொடங்கப் போகிறது, இயங்குகிறது என்ற அறிவிப்புகள் திரையில் மாறி மாறித் தோன்றின. வேறு எந்த வேலையும் அவர்களுக்குத் தரப்படவில்லை. கேள்வியில்லை, தேர்வில்லை, திட்டில்லை. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணம் மட்டுமே. உண்மையில் எவரும் பார்க்கவுமில்லை.

அவ்வளவே போதுமானதாயிற்று. கூச்சம் எவ்வளவு என்று அவர்களே சொன்ன அளவும், தோலில் வியர்வை சுரப்பதைக் கொண்டு கணக்கிடப்படும் உடற்பதற்றமும் பதின்பருவத்தினரிடம் உச்சத்தை எட்டின. தன்னைப் பற்றிச் சிந்திக்கும்போது இயங்கும் முன்மூளையின் நடுப்பகுதியும் அவர்களிடம் சிறுவர்களைவிட வலுவாக இயங்கியது. ‘யாரோ பார்த்தால் என்ன? இதற்கெல்லாமா கூச்சம்?’ என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய உடலே அதற்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது.

இப்போது அந்த மாணவனிடம் திரும்புவோம். அவன் பகலுணவுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் பல மாதங்களாகப் பள்ளியில் போடவேயில்லை. சட்டையை உயர்த்தி வயிற்றில் ஊசி போட வேண்டும்; அதற்கு வகுப்பறையும் கழிவறையும் தவிர வேறு இடமில்லை. ஒருமுறை வகுப்பில் போட்டபோது இரண்டு மாணவர்கள் கேலியாக ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு நிறுத்திவிட்டான். இதை அவன் சொன்னது மூத்த மருத்துவரிடமன்று. இரவுப் பணியிலிருந்த செவிலியர் சர்க்கரை பார்க்க வந்தபோது, விளக்கு அணைந்திருந்த வார்டில், தாயார் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், அவராக எதுவும் கேட்காதபோது சொன்னான். பகலில் பத்துப் பேர் சூழ நின்று கேட்டுப் பெற முடியாத விடை அது.

தாயாரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பிள்ளை எரிந்து விழுவதாக அவர் குறைப்பட்டதில் பொய்யில்லை. ஏழு ஆண்டுகளாக இரவில் விழித்துச் சர்க்கரை பார்த்தவர் அவர். ஆனால் பென்சில்வேனியாவில் உள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் சில்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்த ஆய்வொன்றை இவ்விடத்தில் நினைவுகூர்கிறோம். 9 முதல் 17 வயது வரையிலான 32 பேருக்கு, அவரவர் தாயே தம்மைக் குறைகூறிப் பேசிய 30 விநாடி ஒலிப்பதிவுகளை எம்ஆர்ஐ கருவிக்குள் கேட்கச் செய்தனர். அவ்வேளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளின் இயக்கம் கூடியது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலும், பிறர் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்க உதவும் பகுதிகளிலும் இயக்கம் குறைந்தது. நாம் மிகுந்த அக்கறையோடு அறிவுரை கூறும் அதே கணத்தில், அதை ஏற்றுக்கொள்ளத் தேவையான பகுதி ஓய்ந்திருக்கக்கூடும்.

இங்கே ஒரு தடை போட வேண்டும். இவை யாவும் அமெரிக்காவில் உடல்நலமுள்ள பிள்ளைகளிடம் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஆய்வுகள். மூளைப் படத்தில் ஒரு பகுதி ஒளிர்வதைக் கொண்டு உங்கள் மகளின் மனத்தைப் படித்துவிட முடியாது. புற்றுநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருந்து உண்ணும் பிள்ளையின் துயரம், படம் பார்த்து வரும் துயரத்தைவிட எவ்வளவோ பெரிது. ஆனாலும், பதின்பருவப் பிள்ளையின் மௌனத்தைப் பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் ஒரு கணம் நிற்க இவை நமக்குப் போதிய காரணம் தருகின்றன என்பது எங்கள் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது கடினமன்று. உறவினர் முன்னிலையில், மருந்து தவறியதைப் பற்றிப் பேசாதீர்கள். முகத்துக்கு நேரே அமர்த்தி விசாரிப்பதைவிட, மருந்துக் கடைக்கு நடக்கும்போதோ பேருந்தில் அருகருகே அமர்ந்திருக்கும்போதோ கேட்பது எளிது. ‘என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேட்காமல், சில சொற்களை எடுத்துக் கொடுங்கள்: ‘பயமா, கோபமா, வெட்கமா, இல்ல அலுப்பா? ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம்.’ உடனே விடை வர வேண்டும் என்பதில்லை, மறுநாள் வரலாம். மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைக்கு முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

எல்லா மௌனமும் பருவத்தின் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ உணவோ குறைந்திருந்தால், நண்பர்களையும் விருப்பமானவற்றையும் முற்றிலும் விட்டுவிட்டால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை எழுந்தாலும், அதைக் கோபத்தில் சொன்னதாக ஒதுக்கிவிடாமல் அன்றே அழைத்து வாருங்கள். தேசிய மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

எங்கள் பங்குக்கு, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருகையிலும் சிறிது நேரம் தனியே பேசுகிறோம். அப்போது பெற்றோர் வெளியே இருக்கக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை சொல்வதை அவன் அல்லது அவள் விருப்பமின்றி வெளியிடுவதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்வோம் என்பதையும் முதலிலேயே பிள்ளைக்குத் தெரிவித்துவிடுகிறோம். கதவு சாத்தப்படும்போது சில பெற்றோரின் முகம் வாடுவதை அறிவோம். “எனக்குத் தெரியாம என்ன இருக்கு டாக்டர்?” என்று அந்த மாணவனின் தாயாரும் கேட்டார். பிறகு வெளியே சென்று அமர்ந்தார்.

அவன் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். எங்கள் கடிதத்தைக் கண்ட தலைமையாசிரியர், விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறையின் சாவியைப் பகலுணவு நேரத்தில் அவனிடம் கொடுக்க ஏற்பாடு செய்தார். சென்ற பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. நாங்கள் விரும்பும் அளவுக்கு இன்னும் வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, “ஊசி அலுப்பா இருக்கு சார். பயம் இல்ல. அம்மா மேல கொஞ்சம் கோபம் இருக்கு, அது வேற விஷயம்” என்றான்.